ரீச்சர் பதில்கள்: ஹஜ்ஜுப் பெருநாளும் அடுத்த வீட்டு அடுப்பும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹஜ்ஜுப் பெருநாளைப் பற்றியவை. சைவர்கள், கிறிஸ்தவர்கள், எங்கள் பிள்ளைகள் என்று எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள். நான் முல்லைத்தீவுத் தண்ணீரூற்றில் பிறந்து, தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவள், மௌலவி அல்ல. அதனால் மார்க்கச் சட்டம் பற்றிய பதில்களை எங்கள் ஊர் மௌலவியிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். அனுபவம் பற்றியவற்றை யாரிடமும் காட்டவில்லை.

உங்கள் பெருநாள் வருடா வருடம் முன்னுக்கு வந்துகொண்டே இருக்கிறதே, ஏன்? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலும் நிலவைப் பார்த்துத்தானே, அது வைகாசியை விட்டுப் போவதில்லையே? (வாசகர், கிளிநொச்சி)

பஞ்சாங்கத்தில் சந்திர மாதக் கணக்கு சூரியனை விட்டு விலகிப் போனால், ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓர் அதிக மாதத்தைச் சேர்த்துச் சரிக்கட்டிவிடுவார்கள். எங்களுக்கு அப்படிச் சேர்க்க அனுமதி இல்லை. வருடத்துக்குப் பன்னிரண்டு பிறை, அவ்வளவுதான். 354 அல்லது 355 நாளில் வருடம் முடிந்துவிடும். அதனால்தான் 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7 என்று பெருநாள் இறங்கி வந்தது. ஏறத்தாழ 33 வருடத்தில் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். எழுபதுகளின் நடுவில் அது மாரி மழைக்குள் வந்தது. ஈர விறகை ஊதி ஊதிப் புரியாணி ஆக்கிய உம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள், ஜூன் மாதப் பெருநாள் எவ்வளவு சொகுசு என்று சொல்வார்கள்.

எங்கள் ஆண்டின் கடைசி மாதமான துல்ஹஜ் 9ஆம் நாள், மக்காவுக்கு ஹஜ் யாத்திரை போன ஹாஜிகள் அரஃபா மைதானத்தில் தரித்து நிற்பார்கள். அதுதான் ஹஜ்ஜின் உயிர். மறுநாள், பத்தாம் பிறையில், போகாத நாங்கள் அவரவர் ஊரில் பெருநாள் கொண்டாடுகிறோம். மாதத் தலைப்பிறை பார்த்த முடிவு கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் இருந்து வரும். பத்து நாள் அவகாசம் கிடைப்பதால், நோன்புப் பெருநாளைப் போல இரவு ஒன்பது மணிக்குத் தகவல் கிடைத்துத் தையல்காரரின் கதவைத் தட்டும் வேலை இதில் இல்லை.

எங்கள் வேதாகமத்தில் ஆபிரகாம் பலியிடப் போனது ஈசாக்கை. நீங்கள் இஸ்மாயீல் என்கிறீர்கள். எது சரி? (வாசகி, மன்னார்)

ஆதியாகமத்தில் ஈசாக்கு என்றுதான் இருக்கிறது. குர்ஆனில் ஸாஃப்பாத் என்ற அத்தியாயம், 102ஆம் வசனத்தில் இருந்து இந்தச் சம்பவத்தைச் சொல்கிறது. அந்த இடத்தில் மகனின் பெயரே இல்லை. அதற்குப் பிறகுதான் இஸ்ஹாக் பிறப்பார் என்ற நற்செய்தி வருகிறது. எனவே முதலில் சொல்லப்பட்டவர் மூத்தவர் இஸ்மாயீல் (அலை) என்பது முஸ்லிம் அறிஞர்களில் பெரும்பாலோரின் முடிவு. பழைய விரிவுரையாளர்களில் தபரீ போன்றவர்கள் இஸ்ஹாக் என்றே கொண்டிருக்கிறார்கள். பெயரை வைத்து மன்னாரில் நீங்களும் நானும் பட்டிமன்றம் நடத்தத் தேவையில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இப்ராஹீம் (அலை) மகனைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. நான் இப்படிக் கனவு கண்டேன், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்கிறார். உங்களுக்கு இடப்பட்டதைச் செய்யுங்கள், அல்லாஹ் நாடினால் நான் பொறுமையாக இருப்பேன் என்கிறான் பிள்ளை. கடைசியில் பிள்ளை தப்பி, அவனுக்குப் பகரமாக ஒரு பலிப்பிராணி வருகிறது.

அப்புறம், எங்கள் மேடைப் பேச்சுகளில் இஸ்மாயீலின் தாய் ஹாஜராவை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் கோபம். புல்பூண்டு இல்லாத பள்ளத்தாக்கில் பால்குடிப் பிள்ளையோடு விடப்பட்டு, கொண்டுபோன தண்ணீர் தீர்ந்து, ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில் ஏழு தரம் ஓடியவர் அவர். ஸம்ஸம் கிணறு ஊறியது அந்த ஓட்டத்துக்குப் பிறகு. இன்றைக்கும் இலட்சக்கணக்கான ஆண்களும் பெண்களும் ஹஜ்ஜில் அந்தத் தாயின் வழியில்தான் போய் வருகிறார்கள். கைப்பிள்ளையோடு தண்ணீருக்கு ஓடிய தாயைப் பற்றி வன்னியில் நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஒரு முஸ்லிம் குடும்பம் வந்திருக்கிறது. பெருநாளுக்கு வரச் சொல்கிறார்கள். நாங்கள் சைவம், மாட்டிறைச்சி வெட்டும் நாளில் போகவும் ஒரு மாதிரி, போகாமல் விட்டால் மனவருத்தம் வருமோ என்றும் பயம். என்ன கொண்டு போவது? (வாசகி, முள்ளியவளை)

போங்கள் பிள்ளை. பின்னேரமாகப் போங்கள். காலையில் தொழுகை, அது முடிந்த பிறகு அறுப்பு, பங்கு பிரிப்பு என்று அவர்களுக்கும் தலை நிமிர நேரம் இராது. நாலு மணிக்குப் பிறகு முற்றம் கழுவி, உடுப்பு மாற்றி, வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கையில் ஒரு சீப்பு வாழைப்பழமோ ஒரு பெட்டி பிஸ்கட்டோ போதும். பிள்ளைகள் இருந்தால் ஏதும் இனிப்பு. கோயிலில் படைத்த பிரசாதத்தை மட்டும் கொண்டு போகாதீர்கள். படையலை நாங்கள் உண்பதில்லை, வாங்கி வைத்துவிட்டு என்ன செய்வதென்று சங்கடப்படுவார்கள்.

உள்ளே போனதும், நாங்கள் மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. தட்டு வந்த பிறகு சொல்வதுதான் கஷ்டம். இன்னொன்று, வட்டிலப்பத்தில் முட்டை இருக்கிறது. தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் வாசத்தில் அது தெரியாது. முட்டையும் தொடாதவர் என்றால் தொதல் கேளுங்கள், பழம் கேளுங்கள், ஒரு தேத்தண்ணியோடு எழும்புங்கள்.

இதை எங்கள் ஆட்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். 2025இல் பெருநாள் ஜூன் 7, பொசன் போயா (பௌத்தர்களின் பௌர்ணமி நாள்) ஜூன் 10. அந்தக் கிழமைதான் வற்றாப்பளைப் பொங்கலும். எங்கள் அடுத்த வீட்டு அக்கா பொங்கலுக்காக மச்சம் விட்டிருந்தா. அவவின் சமையலறை யன்னல் எங்கள் வளவுப் பக்கம். அதனால் அறுப்பைப் பள்ளிவாசல் வளவின் பின்பக்கத்தோடு வைத்துக்கொண்டோம். வீட்டில் இறைச்சி வதக்குகிற வேலையை வளவின் மற்றப் பக்கத்துக் கொட்டிலுக்கு மாற்றினோம். அவவுக்கென்று மச்சம் படாத தனிச் சட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அதில் தொதல் கிண்டி அனுப்பினேன். போயாவன்று நாடு முழுவதும் அறுப்பும் இறைச்சி விற்பனையும் தடை. எங்கள் மத்ஹபுப்படி (மார்க்கச் சட்டப் பிரிவு) 13ஆம் பிறை மாலை வரை அறுக்க நேரம் இருந்தும், ஒரு நாள் முந்தியே எல்லாம் முடித்தாயிற்று. பொங்கலுக்கு அவ கோயிலுக்குப் போக முன்னமே வீட்டில் தனியாக ஒரு புக்கை வைத்து, “இது படைக்காதது ரீச்சர்” என்று சொல்லித் தந்துவிட்டுத்தான் போனா.

உழ்ஹிய்யா (பெருநாள் பலி) இறைச்சியை முஸ்லிம் அல்லாதவருக்குக் கொடுக்கலாமா என்று வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் மத்ஹபான ஷாஃபிஈயின் அறிஞர்களிடையே இதில் இரண்டு கருத்து உண்டு. ஹனபி, ஹன்பலி மத்ஹபுகளில் கொடுக்கலாம். என் வழக்கம், ஆடு கோழி சாப்பிடும் தமிழ் வீடுகளுக்குக் கடையில் வாங்கிய கோழியில் தனியாகச் சமைத்து அனுப்புவது. மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டுக்கு எதை எந்தச் சட்டியில் ஆக்கினேன் என்று வாய் திறந்து சொல்லி அனுப்புவேன். சந்தேகத்தோடு ஒருவர் சாப்பிடக்கூடாது.

நாங்கள் ஏழு நண்பர்கள் சேர்ந்து முதல்முறையாக மாடு கொடுக்கப் போகிறோம். என்னென்ன கவனிக்க வேண்டும்? வெளிநாட்டுக்குக் காசு அனுப்பி அங்கே அறுக்கச் சொன்னால் லேசு என்கிறான் ஒருவன். (இளைஞர், பட்டாணிச்சூர்)

மாட்டில் ஏழு பேர் பங்கு சேரலாம், ஆட்டில் ஒருவர்தான். எங்கள் மத்ஹபில் மாட்டுக்கும் வெள்ளாட்டுக்கும் இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். குருடு, நொண்டி, நோய், எலும்பும் தோலுமான மெலிவு இருந்தால் கூடாது. விலை குறைவு என்று யாராவது கொண்டுவந்து காட்டினால் முதலில் நடக்க விட்டுப் பாருங்கள். மாட்டின் உரிமைச் சீட்டு, மிருக வைத்தியரின் சான்றிதழ், ஏற்றிவரும் அனுமதிப்பத்திரம் எல்லாம் கையில் இருக்கட்டும். பெருநாளுக்கு முதல் நாள் பொலிஸ் சோதனையில் நின்றுகொண்டு எனக்குப் போன் எடுக்காதீர்கள்.

பிறை ஒன்று தொடங்கி உங்கள் பிராணி அறுபடும் வரை நகம், முடி வெட்டாமல் இருப்பது சுன்னத் (நபிவழி). பெருநாள் தொழுகைக்கு முந்தி அறுத்தால் அது வெறும் இறைச்சி, உழ்ஹிய்யா ஆகாது. அறுக்கிறவருக்குக் கூலியைக் காசாகக் கொடுங்கள். தோலையோ தலையையோ கூலிக் கணக்கில் தள்ளுவது கூடாது, தோலை விற்கவும் கூடாது. ஏழைக்கு ஒரு பங்காவது பச்சை இறைச்சியாகப் போய்ச் சேரவேண்டும். சமைத்து விருந்து வைத்தால் அந்தக் கடமை தீராது, ஏனென்றால் வாங்குகிறவர் அதைத் தன் விருப்பப்படி ஆக்கவும் வைக்கவும் கொடுக்கவும் உரிமை உள்ளவர். மூன்றில் ஒன்று வீட்டுக்கு, ஒன்று சொந்தபந்தத்துக்கு, ஒன்று ஏழைக்கு என்று பிரிப்பது நல்ல வழக்கம். நேர்ச்சை வைத்திருந்தால் மட்டும் நீங்கள் ஒரு துண்டும் உண்ண முடியாது.

வெளிநாட்டில் பொறுப்புக் கொடுத்து அறுப்பிக்கலாம்தான். பஞ்சம், போர் உள்ள இடங்களுக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் லேசு என்பது ஒரு காரணமா தம்பி? உங்கள் ஊரிலேயே வருடத்தில் இந்த ஒரு நாள் மட்டும் இறைச்சி காணும் வீடுகள் எவை என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏழு பேரும் அதை முதலில் விசாரியுங்கள்.

பங்கு கொடுக்கும் விதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் புத்தளம் பக்கம் போய்க் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். அதுவரைக்கும் எங்கள் வீடு பங்கு கொடுத்த வீடு. அங்கே வாங்குகிற வீடானோம். ஒரு பெருநாளில் இறைச்சி கொண்டுவந்தவர்கள் எங்களை வெயிலில் வரிசையாக நிற்க வைத்து, பொதியைக் கையில் பிடித்தபடி படம் எடுத்தார்கள். என் உம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டா. பொதியை வாங்கினா, அன்றைக்கு அதைச் சமைக்கவில்லை. அதே நாள் மாலை ஒரு மீனவக் குடும்பம் மூடிய சட்டியோடு கொட்டில் கொட்டிலாக வந்து, “நாங்கள் ஆக்கியது கூடிப்போச்சு” என்று பொய் சொல்லிவிட்டுப் போனது. அதைத்தான் சாப்பிட்டோம். ஆகவே வரிசை வேண்டாம், கூப்பன் வேண்டாம், கைபேசியில் படம் வேண்டவே வேண்டாம். ஏழு பேரும் இருட்டுகிற நேரம் சைக்கிளில் வீடு வீடாகப் போங்கள்.

ஒரு உயிரைக் கொன்றுதான் கடவுளைச் சந்தோஷப்படுத்த வேண்டுமா? (உயர்தர மாணவி, புதுக்குடியிருப்பு)

கேட்டது நல்லது. “அவற்றின் இறைச்சியோ இரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் இறையச்சமே அவனை அடைகிறது” என்ற கருத்தில் குர்ஆன் வசனமே இருக்கிறது (22:37). வயிறு நிறைவது மனிதருக்கு. எப்படி அறுப்பது என்பதற்கும் கட்டளை உண்டு: கத்தி கூராக இருக்க வேண்டும், பிராணியின் கண்முன்னே தீட்டக்கூடாது, ஒன்றின் எதிரில் மற்றதை அறுக்கக்கூடாது, தண்ணீர் காட்டி ஆறுதல்படுத்த வேண்டும். இவை எல்லா இடத்திலும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று கேட்டால், இல்லை. வெயிலில் லொறியில் நெரித்துக் கட்டிக் கொண்டுவருவதை நானும் பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறேன். இறைச்சியே கூடாது என்பது உங்கள் கொள்கை என்றால் என் பதில் உங்களைத் திருப்திப்படுத்தாது. அதற்காக நான் உங்களோடு கோபிக்கவும் மாட்டேன்.

பெண்கள் பெருநாள் தொழுகைக்குப் போகலாமா? அரஃபா நோன்பு யாருக்கு? (வாசகி, சாளம்பைக்குளம்)

போகலாம். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மாதவிடாய்ப் பெண்களையும்கூட, தொழாமல் ஓரமாக இருந்து துஆவில் (பிரார்த்தனையில்) சேர அழைத்தார்கள். பாங்கும் இகாமத்தும் (தொழுகை அழைப்புகள்) இல்லை. முதல் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) ஏழு, இரண்டாவதில் ஐந்து தக்பீர் (அல்லாஹு அக்பர் சொல்வது). குத்பா (பிரசங்கம்) தொழுகைக்குப் பிறகு. குத்பா தொடங்கியதும் செருப்புத் தேடி எழும்பாதீர்கள். அரஃபா நோன்பு ஹஜ்ஜுக்குப் போகாதவர்களுக்குச் சுன்னத், நம் நாட்டுப் பிறைக்கு ஒன்பதில் பிடிப்பது எங்கள் ஊர் வழக்கம்.

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பங்கு இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வைக்கக்கூடாது என்றும் ஒருவர் சொன்னார். (வாசகி, நீராவிப்பிட்டி)

அவர் அந்த நபிமொழியில் (ஹதீஸ்) பாதியைத்தான் கேட்டிருக்கிறார். ஒரு வருடம் மதீனாவுக்கு வறிய மக்கள் திரளாக வந்தபோது, எல்லாருக்கும் கிடைக்கட்டும் என்று மூன்று நாளுக்கு மேல் சேமிப்பதை நபியவர்கள் தடுத்தார்கள். நெருக்கடி தீர்ந்த பிறகு, உண்ணுங்கள், கொடுங்கள், சேமியுங்கள் என்று அனுமதித்துவிட்டார்கள். அயலில் பசி இருக்கிற வருடத்தில் குளிர்பெட்டி நிறைய அடுக்குகிறவர்கள்தான் அந்த முதல் வருடத்தை யோசிக்க வேண்டும், நீங்கள் அல்ல.

உப்புக்கண்டம் போடுங்கள். கொழுப்பு நீக்கி, விரல் தடிப்பில் நீளமாக அரிந்து, உப்பு, மஞ்சள், இடித்த மிளகு பிரட்டி ஓர் இரவு வையுங்கள். வடிகிற தண்ணீரை ஊற்றிவிட்டு, கம்பியில் ஒன்றோடொன்று முட்டாமல் கோர்த்து வெயிலில் கட்டுங்கள். ஜூன் மாதச் சோளகக் காற்றுக்கு மூன்று நாலு நாளில் விறைத்துவிடும். பின்னேரம் உள்ளே எடுத்து அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை பிடித்துப் புழு வராது. காகத்துக்கு மேலால் ஒரு வலைத் துண்டு போடுங்கள், முல்லைத்தீவில் பழைய வலைக்கா பஞ்சம்!