வாசகர் கேள்விகள்: குடிநீர் நிலையம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

கேள்வி: எங்கள் வட்டாரக் குடிநீர் நிலையத்தின் திறன் நாளொன்றுக்கு 4 கோடி லிட்டர். சராசரித் தேவையோ 3 கோடி லிட்டர்தான். கால்வாசித் திறன் சும்மா கிடக்கும்போது விரிவாக்கம் எதற்கு?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம், ஆனால் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. ஆண்டிலேயே மிக அதிகமாகத் தண்ணீர் செலவாகும் நாளை மனத்தில் வைத்துத்தான் நிலையத்தின் அளவு தீர்மானிக்கப்படுகிறது. அந்த உச்ச நாள் தேவை பல ஊர்களில் சராசரியைப் போல ஒன்றரை மடங்கு இருக்கும். கோடை கடுமையான இடங்களில் இரண்டு மடங்கைத் தொடுவதும் உண்டு. ஒன்றரை மடங்கு என்றே வைத்துக்கொண்டாலும் உங்கள் வட்டாரத்துக்கு 4.5 கோடி லிட்டர் வேண்டும். காலையில் எல்லா வீடுகளிலும் ஒரே நேரத்தில் குழாய் திறக்கப்படும்போது ஏற்படும் சில மணி நேர நெருக்கடியை மேல்நிலைத் தொட்டிகள் சமாளித்துவிடும். ஒரு வாரம் நீடிக்கும் வெக்கையை அவற்றால் சமாளிக்க முடியாது.

அந்த 4 கோடியும் எல்லா நாளும் கைக்கு வராது. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் இறைக்கும் நான்கு பம்புகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றில் ஒன்றைப் பழுதுபார்க்கக் கழற்றினால் மிஞ்சுவது 3 கோடிதான். ஆகவே, மிகப் பெரிய இயந்திரம் ஒன்று ஓடாதபோதும் கிடைக்கும் அளவையே நம்பத்தக்க திறனாகப் பொறியாளர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். என் கருத்தில், நிலையத்தின் பெயர்ப்பலகையில் எழுத வேண்டியதும் அந்த எண்தான்.

வடிகட்டிகளின் நிலையும் இதுவே. தெளிந்த நீர் வரும் காலத்தில் ஒரு மணல் வடிகட்டி ஒன்றிரண்டு நாள் தொடர்ந்து ஓடும். வெள்ளத்தில் ஆறு செம்மண் நிறமாகக் கலங்கி வந்தால் சில மணி நேரத்திலேயே மணல் அடைத்துக்கொள்ளும். உடனே அதை நிறுத்தி, கீழிருந்து மேலாக நீரைச் செலுத்திக் கழுவியாக வேண்டும். கழுவும் நேரத்தில் உற்பத்தி நிற்பது ஒரு புறமிருக்க, கழுவுவதற்குச் செலவாவதும் சுத்திகரித்த நீர்தான். குளிரும் இடைஞ்சல் செய்யும்: 30 டிகிரியில் உள்ள நீரைவிட 5 டிகிரியில் உள்ள நீரின் பாகுத்தன்மை ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதால், படிகாரம் திரட்டிய கசடு பாதி வேகத்தில்தான் அடியில் படியும், குளோரின் கிருமிகளைக் கொல்லவும் கூடுதல் நேரம் பிடிக்கும்.

கேள்வி: அப்படியானால் ஐம்பது ஆண்டுத் தேவைக்கும் சேர்த்து இப்போதே பெரிதாகக் கட்டிவிட்டால் என்ன?

பதில்: சில பகுதிகளை மட்டும் அப்படிக் கட்டலாம். ஆற்றுக்குள் இறங்கிக் கட்டும் நீரெடுப்புக் கிணற்றை மறுபடி உடைத்துப் பெரிதாக்குவது பெரும்பாடு. ஆகவே அதைத் தொடக்கத்திலேயே தாராளமாக அமைப்பது நல்லது. பம்புகளோ பதினைந்து, இருபது ஆண்டுகளில் தேய்ந்துவிடும். தேவைப்படாத பம்பை இன்றே வாங்கி வைத்தால் அது வேலைக்கு வருமுன் பழசாகிவிடும். வடிகட்டிகளுக்கு இடத்தை ஒதுக்கிவிட்டுத் தேவை வளர வளரக் கட்டுவதே முறை. அளவுக்கு மீறிய குழாயிலும் தொட்டியிலும் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும். அதிலுள்ள குளோரின் குறைந்துபோய், கடைசி வீட்டுக் குழாயில் பாதுகாப்பற்ற நீர் வரக்கூடும். மக்கள்தொகைக் கணிப்பு பொய்த்துப்போனால், ஓடாத நிலையத்தின் கடனையும் நுகர்வோரே கட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: கசிவை அடைத்தாலே போதும், புதிய நிலையம் வேண்டாம் என்று சிலர் சொல்கிறார்களே?

பதில்: பல இடங்களில் அவர்கள் சொல்வது சரி. அமெரிக்காவின் பாஸ்டன் வட்டாரம் இதற்கு நல்ல சான்று. அதன் நீர்த்தேக்கங்கள் வறட்சியிலும் நம்பித் தரக்கூடியது நாளொன்றுக்கு 30 கோடி கேலன், அதாவது சுமார் 114 கோடி லிட்டர். 1970, 80களில் நுகர்வு அந்த வரம்பைத் தாண்டியே இருந்ததால், கனெக்டிகட் ஆற்றைத் திருப்பிவிடும் திட்டம் பேசப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் கசிவுகளைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். வீடுகளில் சிக்கனக் குழாய்க் கருவிகளைப் பொருத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே நுகர்வு வரம்புக்குள் இறங்கியது. ஆற்றைத் திருப்பும் தேவையும் எழவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கசிவு இரவும் பகலும் ஒரே சீராக நிகழ்வது. அதை அடைத்தால் சராசரி நாளில் எத்தனை லிட்டர் குறைகிறதோ, ஏறத்தாழ அத்தனை லிட்டரே உச்ச நாளிலும் குறையும். உச்சம் ஒன்றரை மடங்கு என்பதற்காகச் சேமிப்பும் ஒன்றரை மடங்காகிவிடாது. உங்கள் வட்டாரத்தில் 30 லட்சம் லிட்டர் கசிவை அடைத்தாலும் உச்ச நாளுக்கு 4.2 கோடி லிட்டர் தேவைப்படும். ஒரு பம்பு நின்றால் கிடைக்கும் 3 கோடியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். கசிவை முதலில் அடையுங்கள். கூடவே ஐந்தாவது, ஆறாவது பம்புகளுக்கான இடத்தையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.