லாவோஸ் எப்படிப் போருக்குள் தள்ளப்பட்டது? கேள்வி பதில்

வல்லரசுகள் சண்டை போட லாவோஸைத் தேர்ந்தெடுக்கக் காரணம் என்ன சார்? எண்ணெய் கிடையாது, கடல் கிடையாது.

இருக்கும் இடம்தான் காரணம். வடக்கே சீனா, கிழக்கே நெடுக வியட்நாம், மேற்கே அமெரிக்காவின் கூட்டாளியான தாய்லாந்து. 1960 வாக்கில் லாவோஸின் மக்கள் தொகை சுமார் 20 லட்சம்தான். ஆனால் வட வியட்நாமிலிருந்து தெற்கே ஆளும் ஆயுதமும் போன ஹோ சி மின் பாதை கிழக்கு லாவோஸின் மலைக்காடுகள் வழியாகத்தான் போனது. அந்தப் பாதை ஹனோய்க்கு உயிர்நாடி. வாஷிங்டனுக்கு அதை அறுத்தாக வேண்டும். லாவோ மக்களுக்கு என்ன வேண்டும் என்று இரு பக்கமும் கேட்கவே இல்லை.

1954 ஜெனீவா மாநாட்டிலேயே எல்லாம் முடிவாகிவிட்டது என்று படித்தேனே?

போர் நிறுத்தம் வந்தது, அரசியல் தீர்வு வரவில்லை. கம்யூனிஸ்ட் பதேத் லாவோ படைகள் பாங்சாலி, சாம் நுவா என்ற இரண்டு வடக்கு மாகாணங்களில் ஒதுங்க வேண்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். முன்பு லாவோஸை ஆண்ட பிரான்ஸைத் தவிர வேறு நாட்டு ராணுவக் குழு இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அமெரிக்கா அதை மீறியதாகத் தெரியக் கூடாது என்பதற்காக, ராணுவ அதிகாரிகளைச் சிவில் உடையில், 'திட்ட மதிப்பீட்டு அலுவலகம்' என்ற பெயரில் அனுப்பியது. அரச ராணுவத்தின் செலவு முழுவதையும் அமெரிக்காவே ஏற்றது. சம்பளம் எங்கிருந்து வருகிறதோ, படையின் விசுவாசமும் அங்கேதானே போகும்?

உள்நாட்டுப் போர் தொடங்கிய நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியுமா ஐயா?

ஒரே நாளைச் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால் 1958 கோடையைச் சொல்வேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவிர்த்திருக்கக் கூடிய போர் இது.

பிரதமர் சுவன்னா பூமாவும் பதேத் லாவோவின் முகமான சுபானுவோங்கும் ஒரே தந்தைக்குப் பிறந்த இளவரசர்கள். தாய்மார்கள் வேறு. இருவருமே பிரான்ஸில் பொறியியல் படித்தவர்கள். 1957 நவம்பரில் அவர்களே உட்கார்ந்து பேசி, கூட்டணி அரசு அமைத்தார்கள். அடுத்த மே மாதம் 21 இடங்களுக்குத் தேர்தல். வலதுசாரிகளுக்கு ஓட்டு விழட்டும் என்று அமெரிக்கா கிராமங்களில் உணவும் மருந்தும், ஏன், புல்டோசரைக்கூட வானிலிருந்து இறக்கிப் பார்த்தது. ஆனால் வலதுசாரிகள் தொகுதிக்குத் தொகுதி பலராக நின்று ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள். பதேத் லாவோ கட்சிக்கு 9, தோழமைக் கட்சிக்கு 4 இடங்கள் கிடைத்தன.

அதாவது, துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் ஜெயித்தார்கள். அதற்குப் பதில் என்ன தெரியுமா? அமெரிக்கா உதவியை நிறுத்தியது, சுவன்னா பூமா பதவி இழந்தார், வலதுசாரி அரசு வந்தது. 1959 மே மாதம், ராணுவத்தில் சேர வேண்டிய இரண்டு பதேத் லாவோ பட்டாலியன்களில் ஒன்று, அதிகாரிகளின் பதவித் தகராறுக்கு நடுவே, வட லாவோஸில் 'ஜாடிகள் சமவெளி' என்ற இடத்து முகாமிலிருந்து இரவோடு இரவாகக் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு தப்பிவிட்டது. ஜூலையில் சுபானுவோங் கைதானார். அடுத்த ஆண்டு காவலர்களையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் ஓட்டைப் பற்றி அவர்களிடம் யார் பேச முடியும்?

கோங் லே யார் அண்ணா?

26 வயது பாராசூட் படைக் கேப்டன். 1960 ஆகஸ்டில், மறைந்த மன்னரின் இறுதிச் சடங்கு பற்றிப் பேச அமைச்சரவை லுவாங் பிரபாங் போயிருந்த நேரம் பார்த்துத் தலைநகர் வியன்டியனைப் பிடித்தார். லாவோவை லாவோ கொல்வது போதும், நாடு நடுநிலையாக இருக்கட்டும் என்பதே அவர் கோரிக்கை. சுவன்னா பூமா மீண்டும் பிரதமரானார். அமெரிக்கா பெயருக்கு அவரை ஏற்றுக்கொண்டு, தெற்கே வலதுசாரி ஜெனரல் பூமி நோசவனுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது. வியன்டியனுக்குப் போகும் சரக்கைத் தாய்லாந்து மறித்தது. சுவன்னா பூமா சோவியத்திடம் போனார், விமானத்தில் பீரங்கி வந்தது. டிசம்பரில் வியன்டியன் தெருக்களிலேயே சண்டை நடந்தது. நடுவில் நின்றவர்களை இப்படித்தான் ஒரு பக்கமாகத் தள்ளினார்கள்.

1962இல் லாவோஸின் நடுநிலை ஒப்பந்தத்தில் 14 நாடுகள் கையெழுத்துப் போட்டும் போர் ஏன் நிற்கவில்லை?

கையெழுத்தைக் காக்க ஆளில்லை. ஒப்பந்தப்படி அக்டோபருக்குள் அந்நியப் படைகள் சோதனைச் சாவடி வழியாக வெளியேற வேண்டும். அமெரிக்கர்கள் 666 பேர் பதிவு செய்து வெளியேறினார்கள். வட வியட்நாம் தரப்பில் பதிவானது 40 பேர். மற்ற ஆயிரக்கணக்கானோர் காட்டிலேயே இருந்தார்கள். அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. சிஐஏ, வாங் பாவ் தலைமையில் ஹ்மாங் மலைவாசிகளின் படையைத் தொடர்ந்து வளர்த்தது. 1963 ஏப்ரலில் வெளியுறவு அமைச்சர் கினிம் போல்சேனா சுட்டுக் கொல்லப்பட்டார், 1962இல் மறுபடி அமைந்த கூட்டணி அரசு உடைந்தது. ஆனாலும் ஒப்பந்தத்தை ரத்து செய்ய எவருக்கும் மனமில்லை. அது காகிதத்தில் இருக்கும்வரை எல்லோருக்கும் மறைவாகப் போர் செய்ய வசதி.

இந்தியாவுக்கு இதில் பங்குண்டா?

உண்டு. 1954 ஒப்பந்தத்தைக் கண்காணித்த சர்வதேச ஆணையத்துக்கு இந்தியா தலைவர், கனடாவும் போலந்தும் உறுப்பினர்கள். 1961–62 ஜெனீவா பேச்சில் வி. கே. கிருஷ்ண மேனன் இந்தியத் தரப்பில் இருந்தார். ஆனால் ஆணையத்திடம் படை கிடையாது. பதேத் லாவோ பகுதிக்குள் போக அவர்கள் அனுமதி வேண்டும். கனடா ஒன்று சொன்னால் போலந்து மறுக்கும். அதிகாரம் தராமல் பொறுப்பை மட்டும் கொடுத்தார்கள் என்பதுதான் என் வருத்தம்.

அப்படியானால் இது உள்நாட்டுப் போரே இல்லையா?

அப்படிச் சொன்னால் லாவோ தலைவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்றாகிவிடும். பூமி நோசவனின் பதவி ஆசையை எந்தத் தூதரகமும் உருவாக்கவில்லை. பதேத் லாவோவும் ஹனோய் சொல்படி நடக்கத் தானே முன்வந்தது. பகை உள்ளூரில் இருந்தது. ஆனால் 1957, 1962 என இரண்டு முறை அவர்களே பேசித் தீர்த்ததும், இரண்டு முறையும் அது வெளியாரால் குலைந்ததும் உண்மை.

குண்டுவீச்சு பற்றிச் சொல்லுங்கள்.

1964 முதல் 1973 வரை அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் 27 கோடி, அவற்றில் வெடிக்காமல் மண்ணில் தங்கியவை சுமார் 8 கோடி என்பது கணக்கு. வயல் உழும்போதும் பிள்ளைகள் பந்து என்று எடுக்கும்போதும் இன்றும் வெடிக்கின்றன. 2016இல் ஒபாமா போய், அகற்றும் பணிக்கு 9 கோடி டாலர் அறிவித்தார். கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கை 2010இல் அமலுக்கு வந்தது, அதன் முதல் உறுப்பு நாடுகள் கூட்டம் வியன்டியனில்தான் நடந்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. ரஷ்யா, சீனா, வியட்நாம், இந்தியாவும் சேரவில்லை.