புஷ் பாலட் என்றால் என்ன? ஆஸ்திரேலியா ஒரே நாடான காலத்தில் அதற்கு ஏன் அவ்வளவு மவுசு?

நகரத்துக்கு வெளியே விரியும் காடு, மேய்ச்சல் நிலம் எல்லாவற்றையும் ஆஸ்திரேலியர்கள் 'புஷ்' என்பார்கள். அங்கே ஆட்டு மயிர் கத்தரிப்பவர், மாடு ஓட்டுபவர், மூட்டை முடிச்சோடு வேலை தேடி நடப்பவர் ஆகியோரின் கதையை எதுகையோடு, சத்தமாகச் சொல்லத் தோதாக எழுதிய பாட்டுதான் புஷ் பாலட்.

1901 ஜனவரி 1 அன்று ஆறு குடியேற்றங்கள் சேர்ந்து ஒரே நாடாயின. சரி, பிரிட்டிஷ்காரரிலிருந்து நாம் எப்படி வேறு? அதற்குப் பாடல்கள் ஏற்கெனவே ஒரு விடை வைத்திருந்தன: புஷ் மனிதன்தான் அசல் ஆஸ்திரேலியன். 1880இல் தொடங்கிய சிட்னியின் 'புல்லட்டின்' வார இதழ் வாசகர்கள் அனுப்பியதையும் அச்சிட்டு இந்த ரசனையை வளர்த்திருந்தது. மாடிவீட்டில் இருந்துகொண்டு ஊர்த் திருவிழாவை நினைத்து உருகுவோமே, அந்த மாதிரிதான். புஷ்ஷைப் புகழ்ந்து பாடிய கவிஞர் பாஞ்சோ பேட்டர்சனே சிட்னியில் வழக்கறிஞர்! 'புழுதியும் வறட்சியும்தான் புஷ்ஷில் இருக்கிறது' என்ற தொனியில் இன்னொரு கவிஞர் ஹென்றி லாசன் 1892இல் பாட்டாலேயே அவரைச் சீண்ட, அவரும் பாட்டாலேயே திருப்பிக் கொடுத்தார்.

அப்புறம் நகரமும் பாட்டுக்குள் வந்தது. கவிஞர் சி. ஜே. டென்னிஸின் 1915 பாட்டு நூலில் மெல்பர்ன் சந்துப் போக்கிரி ஒருவன், ஊறுகாய்த் தொழிற்சாலையில் லேபிள் ஒட்டும் டோரீனிடம் மனதைப் பறிகொடுக்கிறான், அதுவும் அசல் தெருப்பேச்சில். எனக்குப் பிடித்தது இதுதான். முதல் உலகப் போர்முனை வீரர்களுக்காக அந்த நூலுக்குச் சட்டைப்பைப் பதிப்பே வந்தது.

ஒரு குழப்பம்: பேட்டர்சனின் 'வால்ட்ஸிங் மடில்டா' பாட்டில் மடில்டா பெண் அல்ல, 'வால்ட்ஸ்' என்ற நடனமும் இல்லை. மடில்டா என்பது நாடோடித் தொழிலாளியின் படுக்கைச் சுருட்டு.