ஏ சான்றிதழ் வாங்கிய படமெல்லாம் பெரியவர்கள் படமா?

கேள்வி: 'ஏ' சான்றிதழ் பெற்ற படம்தான் முதிர்ச்சியான படமா? எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வியைப் பார்த்தால் வீட்டில் பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கும் பையன் இருப்பான் போலிருக்கிறது. செல்போனில் எதையோ பார்த்திருப்பான், எட்டிப் பார்த்தால் மூலையில் '16+' என்று இருந்திருக்கும். சரி, அப்படியே வைத்துக்கொண்டு சொல்கிறேன். நான் விமர்சகன் இல்லை. கடலூர் முதுநகரில் ஒரு தியேட்டர் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவன். இது போதாது என்பவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

சான்றிதழ் கொடுப்பவர்கள் பார்ப்பது கண்ணுக்கும் காதுக்கும் தட்டுப்படுகிற சமாச்சாரம்: ரத்தம், உடம்பு, கெட்ட வார்த்தை, போதை, பயம். எங்கள் ஆபரேட்டர் அண்ணன் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார், 1951இல் எம்.ஜி.ஆரின் 'மர்மயோகி'க்கு ஏ கொடுத்தது பேய்க் காட்சிக்காக என்று. 1983 வரை எல்லோரும் பார்க்கலாம் என்கிற யு, பெரியவர்களுக்கு மட்டும் என்கிற ஏ, இந்த இரண்டுதான் இருந்தன. பிறகு பிள்ளைகள் பெற்றோர் யோசனையோடு பார்க்கலாம் என்கிற யு/ஏ வந்தது. 2023 சட்டத் திருத்தத்துக்குப் பின் அதையே வயது வாரியாக 7+, 13+, 16+ என்று மூன்றாக்கினார்கள். இந்த மூன்றும் பெற்றோருக்குச் சொல்லும் யோசனைதான். வாசலில் நிற்பவன் தடுத்து நிறுத்த வேண்டியது ஏ படத்துக்கு மட்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2011க்குப் பிறகு தமிழ்நாட்டில் கேளிக்கை வரிவிலக்கு வேண்டுமென்றால் படம் யு வாங்கியிருக்க வேண்டும். 2017இல் ஜி.எஸ்.டி. வரும்வரை இதே கதை. கத்தியை ஓங்குவது இருக்கும், குத்துவதை மட்டும் வெட்டிவிட்டு யு வாங்கி வருவார்கள். அந்த வருடங்களின் யு முத்திரையைப் பார்த்துப் பிள்ளையைக் கூட்டிப் போனவர்கள் பாவம்.

இப்போது என் வாசலுக்கு வருகிறேன். காலைக் காட்சிக்கு ஏ படம் போட்டால் மீசையை மையால் தடவிக்கொண்டு பையன்கள் வருவார்கள். திருப்பி அனுப்புவோம். உள்ளே போகிறவர்கள் எல்லாம் நாற்பது, ஐம்பது வயது ஆட்கள். ஆனால் அந்தக் காட்சி வரும்போது எழும் விசில் இருக்கிறதே, அது வெளியே நிறுத்திய பையன்களின் விசில்தான். படம் அவர்களிடம் கேட்டதே அவ்வளவுதான். தப்பு என்று சொல்லவில்லை. காசு கொடுத்தார்கள், பார்த்தார்கள்.

அதே தியேட்டரில் ஒரு யு படம் ஓடியது. பெயர் வேண்டாம், பெயர் சொன்னால் பேச்சு அந்தப் படத்தைப் பற்றிப் போய்விடும். அடிதடி கிடையாது, ஒரு முத்தம் கிடையாது. அண்ணன் கடன் வாங்குகிறான், தம்பி ஜாமீன் கையெழுத்துப் போடுகிறான், கடைசியில் இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை இல்லை. யார் மேல் தப்பு என்று படம் எங்கேயும் சொல்லாது. முன் வரிசையில் பிள்ளைகள் இருக்கைக்கு அடியில் புகுந்து ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. பெரியவர்கள் பக்கம் சத்தமே இல்லை.

இடைவேளையில் வெளியே வந்த ஒரு அம்மா சைக்கிள் ஸ்டாண்டு திண்ணையில் உட்கார்ந்தவர் மறுபடி உள்ளே போகவில்லை. மீன் வியாபாரம் செய்கிறவர், ஞாயிறு தவறாமல் வருவார். "என்னம்மா, படம் நல்லா இல்லியா?" என்றேன். "நல்லாதான் இருக்கு தம்பி. எங்க வூட்ல நடந்தத எவனோ போய்ச் சொல்லிட்டான்" என்றார். அவர் பையன் நடுநடுவே ஓடி வந்து, "அம்மா, இன்னும் சண்டையே வரல" என்று சொல்லிவிட்டு முறுக்கு வாங்கிக்கொண்டு போனான்.

என் கணக்கில் பெரியவர்கள் படம் அதுதான். குழந்தை பார்த்தாலும் கெட்டுப்போகாது, அதற்கு அதில் பிடிக்க ஒன்றும் இல்லை, அவ்வளவே. கடன், துரோகம், நோயாளியைப் பார்த்துக்கொள்வது இதையெல்லாம் கொஞ்சமாவது பட்டவனுக்குத்தான் அது வலிக்கும். எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 1960களில் விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' எழுதினாரே, மழையில் காரில் ஏறிப்போன பெண் வீடு திரும்பி அம்மாவிடம் சொல்கிற கதை. கிளுகிளுப்பு தேடிப் படிக்கிறவனுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. மகள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அந்த அம்மா சொன்னது சரியா என்றுதான் ஊரே சண்டை போட்டது.

உடனே சென்சாரே வேண்டாம் என்கிறான் என்று கிளம்பாதீர்கள். வேண்டும், சின்னப் பிள்ளைக்கு வெட்டுக்குத்தைக் காட்டக் கூடாது. ஏ படங்களிலும் அருமையானவை உண்டு, போலீஸ் அடியையும் சாதிக் கொலையையும் மழுப்பாமல் காட்டியதால் ஏ வாங்கியவை. அங்கே ரத்தம் வந்தால் யாரோ ஒருவருடைய பிள்ளை சாகிறது. மற்ற ஏ படங்களில் பிணங்களின் எண்ணிக்கைதான் ஏறுகிறது.

போன மாதம் பாண்டிச்சேரியில் ஒரு மல்டிபிளக்ஸுக்குப் போனேன், ஏ படம். நரைத்த தலையைப் பார்த்துவிட்டு வயதைக் கேட்காமல் விட்டார்கள், பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை விடவில்லை. உள்ளே அதே தண்ணீர், விலை மட்டும் வேறே. அந்தக் காலத்தில் நாங்கள் பானையில் தண்ணீர் வைத்து, டம்ளரைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்தோம். இதற்கு ஏன் யாரும் கேள்வி கேட்பதில்லை?

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். 16+ போட்டதைப் பார்த்தே தீருவேன் என்றால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். தர்மசங்கடமாக இருக்கும், பரவாயில்லை. அப்புறம் இரவுச் சீரியலையும் ஒருநாள் கவனியுங்கள். மருமகளுக்குப் பாலில் விஷம் கலப்பதை வாரம் முழுக்க இழுப்பார்கள். அதற்கு முன்கூட்டிச் சான்றிதழ் வாங்க வேண்டியதே இல்லை, வீட்டில் எல்லோரும் சேர்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டேதான் பார்க்கிறோம்.