மரத்துப்போதல் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே தம்பி வேலைக்குப் போய்விட்டான். எனக்கு இன்னும் குக்கர் விசில் கேட்டால் அழுகை வருகிறது. நடுவில் மூன்று மாதம் டாக்டர் தந்த மாத்திரை சாப்பிட்டேன். அப்போது எதுவுமே தெரியவில்லை. ஆண்டு விழாவில் மகள் ஆடினாள், கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாத்திரையை நிறுத்திய பிறகு, அந்தக் கட்டையாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. மிச்சமிருக்கும் அட்டையை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இப்படி ஆசைப்படுவது தவறா?

ப.

அன்புள்ள ப.,

தவறில்லை. பல்வலியில் துடிப்பவர் ஊசி போடச் சொல்லித்தானே கேட்பார்?

முதலில் அந்த அட்டை. நீங்களாக மறுபடி தொடங்காதீர்கள். அந்த வகை மாத்திரைகளில் சிலருக்கு அழுகையோடு சிரிப்பும் மழுங்கிவிடும். சொன்னால் டாக்டர் அளவைக் குறைப்பார், அல்லது மருந்தை மாற்றுவார். கட்டையாக இருந்ததை அவரிடம் சொன்னீர்களா? உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், நடுராத்திரி ஆனாலும்.

மரத்துப்போவது என்றதும் எனக்கு என் மாமாவின் கால்தான் ஞாபகம் வரும். இருபது வருடச் சர்க்கரை. ஒருநாள் கடைக்குப் போய்வந்து செருப்பைக் கழற்றினார், தரையெல்லாம் ரத்தம். செருப்பைத் துளைத்த ஆணி குதிகாலில் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதோடுதான் நடந்திருக்கிறார். "ஒண்ணுமே தெரியலியேடா" என்றார், ஏதோ தப்புச் செய்தவர் போல.

இப்போது அவர் போடும் எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு முதலில் தொழுநோயாளிகளுக்காக வந்தது. அவர்களுடைய விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்றுதான் ஊர் நம்பியது. கொல்லிமலையில் பிறந்து, 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் அப்படியில்லை என்று காட்டினார். சூடு தெரியாத கை கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிவிடுகிறது. நோவு தெரியாத கால் புண்ணோடு நடந்து தேய்கிறது. பின்னாளில் அமெரிக்காவில் அவருடைய குழு வலிக்குப் பதிலாக ஒரு கருவி செய்து பார்த்தது. அழுத்தம் கூடினால் ஒலி எழும். யாரும் சட்டை செய்யவில்லை. சரி என்று மின்அதிர்ச்சி வைத்தார்கள். வேலை ஆகவேண்டிய நேரத்தில் நோயாளிகள் அதை அணைத்துவிட்டு, முடித்தபின் திரும்பப் போட்டுக்கொண்டார்கள்.

அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்விட்ச் கையில் இருந்தால் நானும் அணைப்பேன். வலி ஒரு வரம் என்று உங்களிடம் பேசும் தைரியமும் எனக்கில்லை. அப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஆனால் அம்மாவைப் பற்றி எழுதிய கடிதத்தில் மகளின் ஆண்டு விழா எதற்கு வந்தது? அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி மரத்துவிட்டார் என்பதையும் நான் நம்பமாட்டேன். அன்றைக்கு அவர் பஸ்ஸில் என்ன செய்துகொண்டு போனார் என்று நமக்குத் தெரியாதே.

மாமாவால் இனித் தன் காலை நம்ப முடியாது. அதனால் தினமும் ராத்திரி அத்தை டார்ச் அடித்து விரலிடுக்கை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். மாமா பாட்டுக்கு டிவி பார்த்துக்கொண்டிருப்பார். உங்களை அப்படிப் பார்க்க யார் இருக்கிறார்கள்? தம்பியிடம் அந்தக் குக்கர் விசிலைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள்.