ஒரு வருடம் நிறுத்திவிடலாமா?

கேள்வி: மெல்லிசைக் குழுவில் சாக்ஸபோன் வாசிக்கிறேன். கச்சேரிக்கும் கைதட்டலுக்கும் குறைவில்லை. ஆனால் வாசித்ததையே வாசிக்கிறேனோ என்று மனம் உறுத்துகிறது. ஜாஸ் மேதை சோனி ராலின்ஸ் புகழோடு இருக்கும்போதே விலகிப்போய், பாலத்தில் நின்று பயிற்சி செய்தாராமே. நானும் ஒரு வருடம் நிறுத்தலாமா? மனைவி பயப்படுகிறார்.
- ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் உறுத்தல் நல்லது, அதை அடக்க வேண்டாம். உங்கள் மனைவியின் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

1959இல் ராலின்ஸ் மேடையை விட்டபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1956இல் பதிவான ‘சாக்ஸபோன் கொலோசஸ்’ இசைத்தட்டு அவரைப் பெரிய ஆளாக்கியிருந்தது. அந்தப் பெயருக்குத் தக்கபடி வாசிக்கிறோமா என்ற சந்தேகம் அவரை அரித்தது. வீடு நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில். பக்கத்து வீட்டுக் கர்ப்பிணிக்குத் தொந்தரவாகிவிடுமே என்று வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதைக்குப் போனார். கீழே ஆற்றில் படகுகள், பக்கத்தில் தடதடக்கும் ரயில்கள். எவ்வளவு பலமாக ஊதினாலும் யாரும் முகம் சுளிக்கப்போவதில்லை. சில நாட்கள் 15 மணி நேரம்வரை வாசித்தாராம். 1961 வரை இப்படியே போனது.

அந்த நாட்களில் பின்னாளில் அவர் மனைவியான லூசில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தார். பாலத்தின் கதையைச் சொல்பவர்கள் இவரை விட்டுவிடுவது எனக்கு வருத்தம்தான்.

திரும்பி வந்ததும் எல்லாம் மாறிவிடவும் இல்லை. 1962இல் ‘தி பிரிட்ஜ்’ (பாலம்) என்ற இசைத்தட்டு வெளிவந்தபோது, பெரிய புரட்சியை எதிர்பார்த்திருந்த விமர்சகர்கள் சிலர் ஏமாந்துபோனார்கள். ஆனால் ஜிம் ஹாலின் கிட்டாரோடு அவர் நிதானமாக உரையாடுவதைக் கேளுங்கள். அவசரமே இல்லாத வாசிப்பு அது.

உங்களுக்குப் பாலத்தைவிட 1955 பொருந்தும் என்பேன். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள கென்டக்கியின் லெக்சிங்டனில் சிகிச்சை பெற்ற ராலின்ஸ், சிகாகோவுக்கு வந்து துப்புரவு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி செய்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் கிளிஃபர்ட் பிரவுன், மேக்ஸ் ரோச் இருவரும் நடத்திய ஜாஸ் குழுவில் சேர்ந்தார். பிழைப்பும் நடந்தது, கையும் தேறியது.

அதனால் கச்சேரிகளை அடியோடு விடாதீர்கள். எத்தனையைக் குறைத்தால் வீடு தாங்கும் என்று மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் மேடையில் எடுபடுவதைத் தொடாமல், எது வரவில்லையோ அதை மட்டும் வாசியுங்கள். ஆறு மாதம் கழித்தும் ஒரு வருட விடுப்பு தேவை என்று தோன்றினால், அதற்குள் கொஞ்சம் பணமும் சேர்ந்திருந்தால், அப்போது தயங்காமல் எடுங்கள்.