தாரா போர்க்களத்தின் 'சாகாப் படை'யை எப்படி வரைவது?

வாசகர் கேள்வி: கி.பி. 530இல் கிழக்கு ரோமானியரும் பாரசீகரும் மோதிய தாரா போரை ஒரு சித்திரக்கதையாக வரைந்துகொண்டிருக்கிறேன். அதில் பாரசீகரின் 'சாகாப் படை' வருகிறது. இணையத்தில் ஒரு படத்தில் அவர்கள் நீண்ட அங்கியோடு நிற்கும் காலாட்கள், இன்னொன்றில் இரும்பு போர்த்திய குதிரை வீரர்கள். எது சரி? என்ன கவசம், என்ன ஆயுதம், எப்படிச் சண்டை போட்டார்கள், கடைசியில் என்ன ஆனார்கள்?

பதில்: இரண்டு படங்களும் சரிதான், ஆனால் இரண்டுக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இருக்கிறது. நீங்கள் முதலில் காட்சி நடக்கும் நூற்றாண்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்ற எல்லா விடையும் அதிலிருந்துதான் வரும்.

காலாட்களாக நிற்பவர்கள் கி.மு. 480இல் செர்க்ஸஸ் மன்னரோடு கிரேக்கத்துக்குப் போனவர்கள். பத்தாயிரம் பேர், ஒருவர் செத்தாலோ நோயில் விழுந்தாலோ உடனே இன்னொருவரைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையவிடாமல் வைத்திருந்ததால் அந்தப் பெயர் என்கிறார் பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அந்தக் காலத்துப் பொறுக்கியெடுத்த குதிரைப்படை வேறு. செர்க்ஸஸின் ஊர்வலத்தில் ராஜரதத்துக்கு முன்னால் ஆயிரம் குதிரை வீரர்கள், பின்னால் ஆயிரம் பேர், எல்லாரும் பாரசீகரிலேயே தேர்ந்தெடுத்தவர்கள். உங்கள் கதைக்கு இவர்கள் யாரும் வேண்டாம்.

530இல் ஆள்வது சாசானிய வம்சம். பழைய பெயரில் இப்போது நிற்பது குதிரைப்படை, அதுவும் கனரகக் குதிரைப்படை. குதிரைக்குக் கவசம் போடும் வழக்கம் கி.மு. 401லேயே பாரசீகத்தில் தலைகாட்டிவிட்டது. குனாக்ஸா போரில் பாரசீக இளவரசர் இளைய சைரஸோடு இருந்த 600 குதிரைகளுக்கு நெற்றியிலும் மார்பிலும் தகடு இருந்ததாக, அவரது படையில் இருந்த செனோபோன் சொல்கிறார். அப்புறம் பாரசீகத்தை ஆள வந்த பார்த்தியர் அதைப் பெரிதாக வளர்த்து, கி.மு. 53இல் கார்ஹே என்ற இடத்தில் ரோமானியத் தளபதி கிராசஸின் படையை நொறுக்கினார்கள். அந்தப் போரின் சூத்திரம் எளிமையானது, ஈவிரக்கமற்றது: ரோமானியர் நெருக்கி நின்றால் வில்லாளிகள் அம்பு மழை பொழிவார்கள், அம்புக்குப் பயந்து பரந்து நின்றால் இரும்புக் குதிரைகள் நீண்ட ஈட்டியோடு உள்ளே பாயும். சாசானியர் செய்த மாற்றம்தான் உங்களுக்கு முக்கியம், அந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளுக்குக் கொடுத்தார்கள். உங்கள் வீரனின் கையில் வெறும் ஈட்டியை மட்டும் வரைந்தால் அவன் பாதி ஆள்தான்.

அவன் என்னென்ன சுமந்தான் என்பதற்கு ஒரு பட்டியலே இருக்கிறது. தாராவுக்கு அடுத்த ஆண்டு பட்டத்துக்கு வந்த முதலாம் குஸ்ரோ படையைத் திருத்தியமைத்தபோது பாபக் என்ற அதிகாரி எல்லாரையும் அணிவகுக்கச் சொல்லிச் சோதித்த கதையைத் தபரி என்ற பிற்கால வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். குதிரைக்குக் கவசம், ஆளுக்குச் சங்கிலிச் சட்டை, அதன் மேல் மார்புத் தகடு, கால் கவசம், வாள், ஈட்டி, கேடயம், தண்டாயுதம், இடுப்பில் கோடரி, நாணேற்றிய இரண்டு வில், 30 அம்பு, தலைக்கவசத்தின் பின்னால் தொங்கும் இரண்டு உபரி நாண். மன்னரும் வந்தாக வேண்டும் என்று பாபக் பிடிவாதம் பிடிக்க, குஸ்ரோ முழுக் கவசத்தில் வந்து நிற்கிறார், ஆனால் அந்த உபரி நாண் இரண்டை மறந்துவிட்டார். பாபக் அவரை ஏற்கவில்லை. மன்னர் போய் நாண்களை மாட்டிக்கொண்டு வந்த பிறகுதான் பெயர் பதிவாகிறது, சம்பளம் 4,001 திர்ஹம் (வெள்ளிக்காசு), அதாவது மற்றவர்களின் உச்ச வரம்பைவிட ஒரே ஒரு திர்ஹம் கூட. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தோளுக்குப் பின்னால் ஆடும் அந்த இரண்டு நாணைக் கண்டிப்பாக வரையுங்கள், விஷயம் தெரிந்தவர்கள் பார்த்ததும் கண்டுகொள்வார்கள்.

உருவத்துக்கு இரானில் கெர்மன்ஷாவுக்குப் பக்கத்தில் உள்ள தாக்-இ-புஸ்தான் குகைச் சிற்பத்தைப் பாருங்கள். பொதுவாக இரண்டாம் குஸ்ரோ (590-628) என்று சொல்லப்படும் குதிரை வீரர் அதில் இருக்கிறார். தலைக்கவசத்திலிருந்து சங்கிலி வலை இறங்கி முகம் முழுவதையும் மூட, கண்கள் மட்டும் தெரியும், கையில் ஈட்டி, சிறிய வட்டக் கேடயம், பக்கத்தில் அம்பறாத்தூணி. குதிரைக்குக் கவசம் தலை, கழுத்து, மார்பு வரைதான், பின்பாதி திறந்தே கிடக்கிறது! நிறையப் பேர் வால் வரைக்கும் இரும்பு போர்த்திவிடுகிறார்கள். தாராவுக்குப் பல பத்தாண்டுகள் பிந்திய சிற்பம் என்றாலும் பாதிக் கவசம் என்ற யோசனையை நீங்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், எதிரியை நோக்கி ஓடும் குதிரைக்கு அடி முன்னால்தான் விழும். எல்லாமே இரும்பாக இருக்கவும் வேண்டியதில்லை, 363இல் பாரசீகப் படையெடுப்பில் நேரில் இருந்த ரோமானிய வீரர் அம்மியானஸ், குதிரைகள் பலவற்றுக்குத் தோல் போர்வை இருந்ததாக எழுதுகிறார். ஒரு வரிசையில் இரும்பும் தோலும் கலந்து வந்தால் படம் உயிரோடு இருக்கும். பாறைச் சிற்பங்களில் குதிரையின் பின்பக்கம் சங்கிலியில் தொங்கும் பெரிய உருண்டைக் குஞ்சங்களும் வீரர்களிடம் படபடக்கும் நாடாக்களும் உண்டு, அவற்றையும் விடாதீர்கள்.

அங்கவடி, அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதி, வேண்டாம். ரோமானியப் போர்க் கையேட்டிலேயே அது 6ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகிறது. சாசானியச் சிற்பங்களில் வீரனின் கால் தொங்கியபடி, பாதத்தின் முனை கீழ்நோக்கி இருக்கும், அப்படியே வரையுங்கள். அங்கவடி இல்லாமல் ஈட்டிப் பாய்ச்சல் முடியாது என்று சிலர் சொல்வார்கள், கார்ஹேயில் பாய்ந்தவர்கள் யாருக்கும் அங்கவடி கிடையாது. உயரமான விளிம்புள்ள சேணமும் தொடையின் பிடியும் போதும்.

சரி, போர். பாரசீகத் தளபதி பெரோஸ் 'சாகாப் படை'யை முதலில் இறக்கவே இல்லை, தான் சைகை காட்டும்வரை அசையாமல் இருக்கச் சொல்லிப் பின்னால் நிறுத்தியிருந்தார். அதனால் முதல் பக்கத்திலேயே அவர்களைப் பாயவிடாதீர்கள். ரோமானியர் வழக்கமாக நண்பகலுக்கு முன்பே சாப்பிடுபவர்கள் என்று தெரிந்துகொண்டு, அந்த நேரம் தாண்டி அவர்களுக்குப் பசி ஏறும்வரை காத்திருந்து மதியம் தாக்குதல் தொடங்குகிறது. அம்புகள் பறக்கின்றன, காற்று பாரசீகருக்கு எதிராக வீசுகிறது. பாரசீக வலப்பக்கம் முன்னேறி, ரோமானியர் பக்கம் சண்டையிட்ட வேற்றினத்தாரிடம், அதாவது 600 ஹூணரிடமும் குன்றுக்குப் பின்னால் ஒளிந்திருந்த 300 ஹெருலியரிடமும், மாட்டி 3,000 பேரை இழக்கிறது. அதற்குப் பிறகுதான் பெரோஸ் 'சாகாப் படை'யை யாருக்கும் தெரியாமல் இடப்பக்கத்துக்கு நகர்த்துகிறார். அங்கே தலைமை ஒற்றைக்கண் பரெஸ்மனாஸ். அவர்கள் பாய்ந்த வேகத்தில் ரோமானிய வலப்பக்கம் சிதறி ஓடுகிறது, துரத்தல் நீள்கிறது, வரிசை இழுபடுகிறது. ரோமானியத் தளபதி பெலிசாரியஸ் காத்திருந்தது இதற்குத்தான். ஹூணக் குதிரைகள் குறுக்கே வெட்டிப் படையை இரண்டாகப் பிளக்க, சுனிகாஸ் என்ற ஹூணத் தலைவன் முதலில் கொடி பிடித்தவனையும் பிறகு பரெஸ்மனாஸையும் வீழ்த்துகிறான். வளைக்கப்பட்ட பாரசீகரில் 5,000 பேர் மடிந்தார்கள் என்கிறார் பெலிசாரியஸின் செயலராக இருந்த புரோகோப்பியஸ். அதைப் பார்த்த பாரசீகக் காலாட்கள் கேடயங்களை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள்.

அவர்கள் தோற்றது கோழைத்தனத்தால் அல்ல என்பது உங்கள் படத்தில் தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கொடி விழுந்ததைக் கண்டதும் அவர்கள் ஆத்திரத்தோடு சுனிகாஸை நோக்கித் திரும்புகிறார்கள், அந்தத் திரும்புதலுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். எதிரி வரலாற்றாசிரியன் எழுதி வைத்ததாலேயே அவர்களை முகமில்லாத அரக்கர்களாகக் காட்டுவது நியாயமில்லை.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். சாசானியப் பேரரசு அரபுப் படைகளிடம் சரிந்தபோது பாரசீகக் குதிரைப்படை முழுதும் அழிந்துவிடவில்லை. கி.பி. 640ஐ ஒட்டி, கடைசி மன்னர் மூன்றாம் யஸ்தகர்த் அனுப்பிய சியா என்ற தளபதி தன் வீரர்களோடு அரபுகளிடம் பேரம் பேசினார்: நாங்கள் விரும்பும் இடத்தில் குடியேறுவோம், உங்கள் உச்சபட்சச் சம்பளம் எங்களுக்கு வேண்டும். இரண்டும் கிடைத்தன. அவர்கள் பஸ்ராவில் குடியேறி, பனூ தமீம் என்ற அரபுக் குலத்தோடு சேர்ந்துகொண்டார்கள். கதைக்கு இரண்டாம் பாகம் வரையும் எண்ணம் இருந்தால் சியாவிடமிருந்து தொடங்கலாம்.